ஹேட்ரியன் சாரின் காம்பவுண்டுச் சுவர்

மகளைப் பார்க்க வெளிநாடு போகும் அப்பாக்களில் இரண்டு ரகம் உண்டு. போய் இறங்கிய மறுநாளே அங்குள்ள அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, பாத்திரம் கழுவி, மாப்பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்குகிறவர்கள் ஒரு ரகம். சோபாவின் மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்து பவுண்டை ரூபாயாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்பதை என் மனைவி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டதால் இங்கே தனியாக எழுதத் தேவையில்லை.

மகள் இருப்பது நியூகாசிலில். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை, டைன் ஆற்றங்கரை. லண்டன் ரயில் ஊருக்குள் நுழையுமுன் ஆற்றைக் கடக்கிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே டிக்கெட் காசு கொடுக்கலாம் என்பாள் மகள். உண்மைதான். கீழே பள்ளத்தில் ஆறு, இரு பக்கமும் மேடேறிப் போகும் கல் கட்டடங்கள், வரிசையாகப் பாலங்கள். நியூகாசிலுக்கும் எதிர்க்கரை கேட்ஸ்ஹெட்டுக்கும் நடுவே ஏழு பாலங்கள் இருக்கின்றன.

"ஒரு ஆத்துக்கு எதுக்குங்க இத்தனை பாலம்?" என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தலைமுறையும் முன்னால் இருந்த பாலம் சரியில்லைன்னு புதுசா ஒண்ணு கட்டியிருக்கும்" என்றேன். மருமகள், மாமியார் சமையலறை என்று உதாரணம் சொல்லத் தொடங்கியபோது ரயில் நின்றுவிட்டது.

ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு குணம் தெரிகிறது. 1849-இல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய மேல்மட்டப் பாலத்தில் மாடியில் ரயில் ஓடுகிறது, கீழ்த்தளத்தில் சாலை. 1876-இல் திறந்த சுழல் பாலம், கப்பல் வந்தால் அப்படியே திரும்பி வழிவிடும்படி கட்டியது. 2001-இல் மக்களுக்குத் திறந்த மில்லேனியம் பாலம், கப்பலுக்காக மொத்தமாகச் சாய்ந்து, கண் இமை மூடித் திறப்பதுபோல் எழுகிறது. நடுவில் பச்சை வில்லாக நிற்பது டைன் பாலம், 1928-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்தது. அதன் முன்னால் போட்டோ எடுத்து, சிட்னி போயிருந்தேன் என்று ஊரில் தாராளமாகப் புளுகலாம். இரண்டையும் கட்டியது ஒரே கம்பெனி, சிட்னிப் பாலம் திறந்தது நாலு வருஷம் கழித்து.

ஆனால் டைன் பாலத்துக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பவர்கள் குடையோடு போவது நல்லது. கிட்டிவேக் என்று ஒரு கடல் பறவை. கடலோரப் பாறையில் கூடு கட்ட வேண்டிய இந்தப் பறவை, ஆற்று வழியாக உள்ளே வந்து இந்தப் பாலத்தின் இரும்பு விளிம்புகளில் குடும்பம் நடத்துகிறது. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே வந்து கிட்டிவேக் கூடு கட்டும் இடம் உலகத்திலேயே வேறு கிடையாதாம். பறவை ஆர்வலர்கள் தொலைநோக்கியோடு வந்து மெய்சிலிர்க்கிறார்கள். என் குரங்குக் குல்லாவின் மேல் அந்த உலக சாதனையின் சிறு பகுதி ஒன்று விழுந்தது. "அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் தள்ளித்தான் நின்றிருந்தார்.

சுழல் பாலம் இருக்கும் இடத்தில்தான் ரோமானியர்களும் பாலம் கட்டியிருந்தார்கள். பேர் போன்ஸ் ஈலியஸ். ஈலியஸ் என்பது பேரரசர் ஹேட்ரியனின் குடும்பப் பெயர். நம்மூரில் பாலத்துக்குத் தலைவர் பெயர் வைப்பதைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்கவும். ஆற்றைத் தூர்வாரியபோது இரண்டு பலிபீடங்கள் கிடைத்தன. ஒன்று நெப்டியூனுக்கு, இன்னொன்று ஓசியானஸ் என்ற கடல் தெய்வத்துக்கு. ஆறாம் லீஜியன் படை வைத்தது. இரண்டும் இப்போது ஊரின் மியூசியத்தில் இருக்கின்றன. அதுவரை ரோமானியர்கள் மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லாதிருந்த என் மனைவி, இதைக் கேட்டதும் மனம் மாறினாள்.

"பூஜை போட்டுத்தான் கட்டியிருக்காங்க. நம்ம காம்பவுண்டுக்குப் பூஜை போடச் சொன்னேன், ஐயர் தட்சிணை மிச்சம்னு நீங்க வேணாம்னுட்டீங்க."

அந்தக் காம்பவுண்டுச் சுவர் இனி அடிக்கடி வரும் என்பதால் அதைப்பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி முடித்தபோது கையிருப்பு தரை தட்டிவிட்டது. ஒன்பது இஞ்ச் சுவருக்குக் கருங்கல் அடிமானம் போட்டாகிவிட்ட நிலையில் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், அடிமானம்தான் ஸ்ட்ராங்கா கிடக்கே, மேல நாலரை இஞ்ச் போதும். யாரு சார் யானையக் கொண்டாந்து முட்டப்போறா?" எனக்கும் யானை வைத்திருக்கும் விரோதி யாரும் நினைவுக்கு வரவில்லை. சம்மதித்தேன். கீழே அகலமாகவும் மேலே ஒல்லியாகவும் நிற்கும் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவியின் உறவினர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அதுதான் என் வாழ்க்கையின் தீராத அவமானம். இங்கிலாந்துக்குப் போனபோது அதையும் கூடவே எடுத்துப் போயிருந்தேன்.

நியூகாசிலுக்குப் பேர் கொடுத்த புதுக்கோட்டை கட்டியது 1080-இல். வெற்றி வீரர் வில்லியத்தின் மகன் ராபர்ட் கட்டியது மரக்கோட்டை. இப்போது நிற்கிற கல் கோட்டை அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிந்தியது. ரயில் வந்த காலத்தில் என்ஜினியர்கள் பார்த்தார்கள். கோட்டை குறுக்கே இருந்தது. நேராக அதன் நடுவிலேயே பாதை போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் கோட்டையின் பிரதான கோபுரத்துக்கும் அதன் வாசலான கறுப்பு வாயிலுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. ஊர் நடுவில் ஓர் உயரமான தூண், உச்சியில் கிரே பிரபு. 1832-இல் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த பிரதமர். 1941-இல் இடி விழுந்து தலை உருண்டு, பிறகு வேறு தலை வைத்தார்கள். தலைவர்களுக்கு அந்த வசதி உண்டு.

ஊருக்குக் கிழக்கே மெட்ரோவில் போனால் வால்ஸெண்ட். ஹேட்ரியன் கட்டிய பெரிய சுவர் முடிகிற இடம். அந்த மெட்ரோ ஸ்டேஷனில் ஆங்கிலத்தோடு லத்தீனிலும் அறிவிப்புகள் எழுதிவைத்திருக்கிறார்கள். புகை பிடிக்காதீர்கள் என்பதற்கு "நோலி ஃபுமாரே" என்று போர்டு. ரோமானியர் காலத்தில் புகையிலை ஐரோப்பாவுக்கு வரவே இல்லை. அதற்கு இன்னும் ஆயிரத்து சொச்சம் வருஷம் இருந்தது. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக அவர்களுக்குச் சொல்லிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வராத விருந்தாளிக்கும் சேர்த்து அரிசி களைகிற வீட்டுக்காரியோடு குடித்தனம் செய்கிறவன் நான்.

அதே டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தென்கரையில் சவுத் ஷீல்ட்ஸ் ஊர். அங்கே ஆர்பெயா என்ற கோட்டை. அங்குள்ள ஒரு கல்லறைக் கல்லைப் பற்றி நான் விளையாட்டாக எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. சிரியாவின் பால்மைராவிலிருந்து வந்த பராத்தேஸ் என்பவன் தன் மனைவி ரெஜீனாவுக்கு வைத்த கல் அது. அவள் தென் இங்கிலாந்துக்காரி. கத்துவெல்லௌனி என்ற இனம். முதலில் அவனிடம் அடிமையாக இருந்தவள். விடுதலை கொடுத்து மனைவியாக்கிக்கொண்டான். 30 வயதில் இறந்துவிட்டாள். கல்லில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கோல், ஒரு பக்கம் கம்பளி நூல் உருண்டைகள் நிறைந்த கூடை, இன்னொரு பக்கம் நகைப்பெட்டி. மேலே லத்தீனில் முறைப்படி எல்லா விவரமும் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே, அந்த ஊரில் அவனைத் தவிர எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்குமோ, தன் சொந்த பால்மைரா எழுத்தில் அவள் பேரையும் தன் பேரையும் எழுதி, ஐயோ என்று முடித்திருக்கிறான்.

மனைவி வெகு நேரம் நின்றாள். நானும் பக்கத்தில் நின்று ஒரு கணவனுக்குரிய முகபாவத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"பாருங்க" என்றாள். "அவ பேரு, அவ ஊரு, அவ ஜனம், எல்லாம் போட்டிருக்கான். நம்ம வீட்டு கேட்ல உங்க பேரு மட்டும்தான் இருக்கு. பக்கத்துல பி.காம்."

மார்பிளில் ஓர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள் என்பதை அந்த இடத்தில் சொல்வது உசிதமாகப் படவில்லை.

விண்டோலாண்டாவுக்குப் போன அன்று மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. மகளோடு நாங்கள் டைன் ஆற்றை ஒட்டியே மேற்கே போகும் ரயிலில் ஹெக்ஸ்ஹாம் வரை போய், அங்கிருந்து பஸ். அந்த பஸ்ஸின் நம்பர் ஏ.டி. 122. சுவர் கட்ட ஆரம்பித்த வருஷத்தையே பஸ்ஸுக்கு நம்பராக வைத்திருக்கிறார்கள். டிரைவர் நல்ல மனிதர். வயதானவர்களுக்கு பஸ் இலவசமாமே என்று நான் என் நரைத்த தலையிலிருந்து குல்லாவை எடுத்துக் காட்டினேன். அந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், ஐயா, என்றார் பணிவாக. குல்லாவை மறுபடி போட்டுக்கொண்டேன். குளிர்ந்த காதோடு முழு டிக்கெட்டும் வாங்கியதுதான் மிச்சம்.

விண்டோலாண்டா, சுவருக்குச் சற்றுத் தெற்கே உள்ள கோட்டை. சுவரைவிட மூத்தது. ஒன்றன் மேல் ஒன்றாகக் குறைந்தது ஒன்பது கோட்டைகள் கட்டியிருக்கிறார்கள். பழையதை இடித்து, களிமண் கொட்டி மூடி, மேலே புதியது. அடியில் ஈரம், காற்றுப் புகாத சேறு. அதனால் மற்ற இடங்களில் மக்கிப்போகிற சாமான்கள் எல்லாம் இங்கே அப்படியே கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் தோல் செருப்புகள், குழந்தைகளுடையதும் சேர்த்து. மரத்தாலான கக்கூஸ் பலகை ஒன்று, 2014-இல் தோண்டி எடுத்தது, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பானது. குத்துச்சண்டைக்கான தோல் கையுறைகள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மரச்சீவல்கள். போஸ்ட் கார்டு அளவு, மிக மெல்லிசு. 1973-இல் ராபின் பேர்லி என்ற அகழாய்வாளர் கையில் எடுத்துப் பார்த்தபோது ஏதோ தச்சுப்பட்டறைக் குப்பை என்றுதான் தோன்றியிருக்கும். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைப் பிரித்தால் உள்ளே மை எழுத்து. காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிவிட, அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படித்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் கடிதங்களும் கணக்குகளும். கோட்டையைக் காலி செய்தபோது அங்கிருந்த படாவியர் படை இந்த எழுத்துக் குப்பையை நெருப்பில் போட்டதாம். மழை வந்து அணைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

"நீங்க மட்டும் என்ன, போகி அன்னிக்கு உங்க கணக்கு நோட்டெல்லாம் எரிக்கலாம்னா, தண்ணி வாளியோட வந்து நிக்கிறீங்க" என்றாள் மனைவி. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ரோமானியப் பேரரசு என்றால் எனக்கு ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தது ஜூலியஸ் சீசர், யானைகளோடு வந்த ஹானிபல், சிங்கத்தோடு சண்டை. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததோ வேறு ரோம். ஒருவருக்கு சாக்ஸும் செருப்பும் இரண்டு ஜதை உள்ளாடையும் அனுப்பியிருக்கிறார்கள். அதை விவரமாக எழுதியும் இருக்கிறார்கள். மாஸ்க்ளுஸ் என்ற அதிகாரி மேலதிகாரிக்குக் கடிதம் போட்டு, தோழர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறான். கிளாடியா செவெரா என்ற பெண்மணி, கோட்டைத் தலைவர் கெரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறாள். செப்டம்பர் 11. எழுத்தர் எழுதிய அழைப்பின் ஓரத்தில் அவளே தன் கையால் இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கைப்பட லத்தீனில் எழுதியதில் நமக்குத் தெரிந்தவரை இது மிகப் பழையவற்றில் ஒன்று. அசல் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில்.

என்னை அசைய விடாமல் நிறுத்தியது ஆக்டேவியஸின் கடிதம். தானிய வியாபாரி. காண்டிடஸ் என்பவனுக்கு எழுதுகிறான். ஐயாயிரம் மோடியஸ் அளவு தானியம் வாங்கிவிட்டேன், உடனே பணம் அனுப்பு, குறைந்தது 500 தெனாரியஸ், இல்லாவிட்டால் ஏற்கெனவே கொடுத்த முன்பணம் சுமார் 300 போய்விடும், மானமும் போய்விடும். தோல் சரக்கை எடுத்துவர நானே போயிருப்பேன், ஆனால் ரோடு மோசமாக இருக்கிறது, வண்டி இழுக்கும் மிருகங்கள் பாடாய்ப்படும். முன்பணம் கொடுத்துவிட்டு மீதிக்கு அலைகிறவனின் தவிப்பும், ரோட்டின் மேல் பழி போடுகிற சாமர்த்தியமும் ஒரே கடிதத்தில். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். இந்தக் கடிதத்தை எத்தனை கையெழுத்தில் படித்திருக்கிறேன்! காண்டிடஸ் பணம் அனுப்பினானா என்பது தெரியவில்லை. அனுப்பியிருக்க மாட்டான்.

அப்புறம் ஒரு கடன் பட்டியல். யார் யார் என்ன வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்று. மேலங்கி, துண்டு, கொழுப்பு. அதில் காம்பாக்ஸ் என்ற வீரன் பேரில்: மிளகு, 2 தெனாரியஸ்.

நான் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். மனைவியின் கண்கள் விரிந்தன.

காரணம் இருந்தது. கிளம்புவதற்கு முன் பெட்டியை எடை போட்டபோது அரைக் கிலோ மிளகை வெளியே எடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருந்தேன். "இங்கிலாந்துல மிளகு கிடைக்காதா? அவங்க நம்மளை ஆண்டதே மிளகு வாங்க வந்துதானே!" என்று சரித்திர ஆதாரத்தோடு வாதாடினேன். அவள் மிளகை விட்டுவிட்டு என் இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தாள். இப்போது ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டு நான் நிற்கும் இடத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கடனுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். அந்த மிளகு மலையாளக் கரையிலிருந்து, அன்றைய சேர நாட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும். வேறெங்கும் அவர்களுக்குக் கறுப்பு மிளகு கிடையாது. முசிறித் துறைமுகத்துக்கு யவனர் கப்பல்கள் தங்கத்தோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடியிருக்கிறது. செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல், கால் (இன்றைய பிரான்ஸ்), கடைசியில் இந்தக் குளிர்ப்பிரதேசத்துக் கோட்டை. லீஜியன் வீரனுக்கே வருஷச் சம்பளம் 300 தெனாரியஸ்தான். காம்பாக்ஸ் லீஜியன்கூட இல்லை, துணைப்படை. இரண்டு தெனாரியஸ் கொடுத்து மிளகு வாங்குகிறான் என்றால், அவனுக்கு எவ்வளவு சளி பிடித்திருக்கும்!

"அவன்கூட மிளகு இல்லாம இருக்கலை" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு மிளகு ரசம். இரண்டு டம்ளர் குடித்தேன். பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் காரில் சுவரைப் பார்க்கப் போனோம். எல்லோரும் ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு நேராகப் போகலாம் என்றார்கள். நான் மட்டும் சாலர்ஃபோர்டு பக்கத்தில் பிளானெட்ரீஸ் என்ற இடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும் என்று அடம் பிடித்தேன். கையேட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை.

ஹேட்ரியன் 122-இல் தானே நேரில் வந்து பார்த்து உத்தரவு போட்ட சுவர் இது. வீட்டு ஓனர் ஒரு தடவை வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போன கதைதான். கிழக்குக் கடல் பக்கத்திலிருந்து மேற்குக் கடல் வரை 73 மைல், 117 கிலோமீட்டர். மூன்று லீஜியன்கள் வேலை பார்த்தன. திட்டப்படி சுவரின் அகலம் 10 ரோமானிய அடி. அதற்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டே போனார்கள். நடுவில் எங்கோ யாரோ தலையைச் சொறிந்திருக்கிறார்கள். அஸ்திவாரம் பத்தடிக்கே கிடக்கிறது, அதன் மேல் சுவர் மட்டும் எட்டடி, அதற்கும் குறைவு என்று ஒல்லியாகப் போகிறது. வேலை சீக்கிரம் முடியவேண்டும், கல் மிச்சமாக வேண்டும் என்பது காரணம் என்கிறார்கள் அறிஞர்கள்.

பிளானெட்ரீஸில் அது கண்ணெதிரே தெரிகிறது. புல்வெளியில் சிறு துண்டுச் சுவர். அகலச் சுவர் வந்துகொண்டே இருக்கிறது, திடீரென்று ஒரு படி உள்வாங்கி ஒல்லியாகிவிடுகிறது. அடியில் பழைய அஸ்திவாரம் துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் குனிந்து அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். பாசி படிந்து ஜில்லென்று இருந்தது. அப்படியே எங்கள் வீட்டு வடக்குப் பக்கம்.

"யானை வராதுன்னு அவங்க மேஸ்திரியும் சொல்லியிருப்பார்" என்றேன், குரல் தழுதழுக்க.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள். பேரரசரே இப்படிச் செய்திருக்கிறார் என்பதை அவளுடைய உறவினர்களுக்கு அனுப்ப நான் எல்லாக் கோணத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் கேளுங்கள். சுவர் வேலை பாதியில் இருக்கும்போதுதான் கோட்டைகளைச் சுவர் மேலேயே கட்டலாம் என்று யோசனை வருகிறது. ஹவுஸ்டெட்ஸில் அப்போதுதான் கட்டி நிறுத்திய காவல் கோபுரத்தை இடித்துவிட்டு அதன் மேல் கோட்டை. பூச்சு வேலை முடிந்த பிறகு பூஜை அறையை ஈசானிய மூலைக்கு மாற்றச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். மைலுக்கு ஒரு காவல்வாசல் என்று பிளான் போட்டுவிட்டார்கள். மைல் முடிகிற இடம் செங்குத்துச் சரிவாக இருந்தாலும் அங்கேயும் வடக்கே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த வாசல் வழியாக ஆடு போகலாம், மனிதன் உருளலாம். இத்தனைக்குப் பிறகு ஹேட்ரியன் 138-இல் கண்ணை மூடியதும், அடுத்து வந்த அன்டோனைனஸ் பயஸ் இன்னும் வடக்கே ஸ்காட்லாந்தில் வேறொரு சுவர் கட்ட ஆரம்பித்துவிட்டார், புல்மண் கட்டிகளால். இருபது வருஷம் போல் ஓட்டிவிட்டு அதைக் கைவிட்டு மறுபடி ஹேட்ரியன் சுவருக்கே வந்தார்கள். மாமனார் கட்டிய வீட்டில் இருக்கமாட்டேன் என்று தனிக்குடித்தனம் போனவர்கள் சாமான் லாரியோடு திரும்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பிளானெட்ரீஸ் துண்டு இன்னும் நிற்பதற்குக் காரணமும் ஒரு வயதானவர். வில்லியம் ஹட்டன். பர்மிங்ஹாமிலிருந்து 1801-இல் தன் 78-ஆம் வயதில் சுவரைப் பார்க்கக் கிளம்பி, போக வர ஏறத்தாழ 600 மைல் நடந்தே முடித்தவர். இந்த இடத்துக்கு வந்தபோது நிலத்துக்காரர் பண்ணை வீடு கட்டச் சுவர்க்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். கிழவர் கண்ணீர் விட்டு மன்றாடிய பிறகுதான் மிச்சம் தப்பியது. 1750-களில் அரசாங்கமே மைல் கணக்கில் சுவரைத் தட்டி, அதன் மேல் ராணுவ ரோடு போட்ட நாட்டில் இவர் ஒருவர் அழுதிருக்கிறார்.

"எழுபத்தெட்டு வயசு" என்றாள் மனைவி, என் முழங்காலைப் பார்த்து. "அறுநூறு மைல்."

எனக்கு முழங்கால் வலி உண்டு. மாடிக்குத் துணி காயப்போடச் சொன்னால் அதிகமாகும். அன்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டீல் ரிக் பக்கம் சைகாமோர் கேப் மரத்தைப் பார்க்க ஏறியபோது நாலு தடவை உட்கார்ந்தேன். மரத்தைப் பார்க்க என்று சொன்னேனே தவிர, மரம் இல்லை. ஒரு பள்ளத்தின் நடுவே தன்னந்தனியாக நின்று, 1991-இல் ராபின் ஹூட் சினிமாவில்கூட நடித்த மரம் அது. 2023 செப்டம்பரில் ஓர் இரவு இரண்டு பேர் வந்து வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஜெயிலுக்கும் போனார்கள். அடிக்கட்டையில் இப்போது துளிர் விட்டிருக்கிறது. நம் ஊரில் முருங்கைக் கிளை முறிந்தாலே தெருச் சண்டை. இந்த மரத்துக்காக ஒரு நாடே அழுதது. அடிக்கட்டையைச் சுற்றியிருந்த வேலிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பிளாஸ்க்கில் இருந்த டீயை நான்தான் பெரும்பாலும் குடித்து முடித்தேன். குளிருக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தின் விலை பிறகுதான் தெரிந்தது.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டை மேட்டு உச்சியில் இருக்கிறது. கார் நிறுத்தும் இடம் கீழே, ரோட்டோரம். நடுவில் புல்வெளியில் அரை மைல் ஏற்றம். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா மாமா." ஆட்டைக் கண்ட ஒவ்வொரு இடத்திலும் நின்றேன், ஆட்டை ரசிப்பதுபோல. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தேவைப்பட்டது சரித்திரம் அல்ல.

அந்தக் கோட்டையின் பெருமையே அதன் தென்கிழக்கு மூலையில் உள்ள கழிவறைதான். பிரிட்டனில் இவ்வளவு நன்றாக மிஞ்சிய ரோமானியக் கழிவறை இல்லை என்கிறார்கள். ஏறத்தாழ 800 வீரர்களுக்கு. ஆறு பக்கத்தில் இல்லாத மேடு என்பதால் மழைநீரைக் கல் தொட்டிகளில் பிடித்துவைத்து, அதைக்கொண்டே சாக்கடையை அலசிவிட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் ஆழமான கால்வாய். அதன் மேல் நீளப் பலகை ஆசனங்கள் இருந்தன. தடுப்பு எதுவும் கிடையாது, தோளோடு தோள் உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். காலுக்கு முன்னால் இன்னொரு சின்ன வாய்க்கால், குச்சியில் கட்டிய கடற்பஞ்சைக் கழுவுவதற்கு. நடுவே கை கழுவக் கல் தொட்டிகள். நம் ஸ்வச்ச பாரத் அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டிய ஏற்பாடு.

மகள் தகவல் பலகையை நிதானமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் காலத்து பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

"கீழப்பா. கார் நிறுத்தினோம்ல, அங்க."

கீழே பார்த்தேன். எங்கள் கார் தீப்பெட்டியாகத் தெரிந்தது. எதிரே பிரிட்டனிலேயே சிறந்த கழிவறை, மரப்பலகையைத் தவிர எல்லா வசதியோடும், கூரை இல்லாமல். சுற்றிலும் ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகள், கேமராவோடு. "எண்ணூறு பேர் போனாங்களாம்" என்றாள் மனைவி. "நீங்க ஒரு ஆயிரத்தி எண்ணூறு வருஷம் லேட்டு."

அதற்குப் பிறகு நடந்ததை மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். குல்லா பறக்க, இரண்டு கையாலும் வேட்டியைத் தூக்குவதுபோல் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தை இரண்டாகப் பிளந்து வழிவிட, ஒருவர் அந்தச் சரிவில் இறங்கி ஓடுகிறார். ஏறி வந்துகொண்டிருந்த இளைஞர் கூட்டம் ஒன்று ஒதுங்கி நின்று கைதட்டுகிறது. ஹட்டன்கூட அந்த வேகத்தில் போயிருக்கமாட்டார்.

அன்றிரவு மனைவி கும்பகோணத்தில் இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சுவர், கடிதம், மிளகு எல்லாம் சொல்லுவாள், அகலச் சுவர் போட்டோ வந்ததா என்றும் கேட்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்கா. முழங்கால் வலின்னு பத்து வருஷமா சொல்றாரே, சுத்தப் பொய். ஊருக்கு வந்ததும் மாடித் துணி இனிமே அவர்தான்."